கோமாளி என்னும் சொல்



வகுப்பறையிலே ஒரு மாணவன் முகத்தைக் கோணிக் காட்டுகின்றான். அல்லது ஆசிரியர் நடந்து வரும் நடையை அவர் முதுகுக்குப் பின்னால் நடித்துக் காட்டுகின்றான். ஏனைய பிள்ளைகள் சிரிக்கின்றார்கள். ஆசிரியர் திரும்பிப் பார்த்து, "என்னடா கோமாளித்தனம் இது?" என்கின்றார். அன்றைய நாள் அதனோடு கழிந்துவிடும். ஆனால் அந்தச் சொல் கழிந்துவிடுவதில்லை. அடுத்த நாள் தொடங்கி அந்தப் பிள்ளையின் பெயர் கோமாளி என்று ஆகிவிடுவதை நாம் எத்தனையோ பாடசாலைகளிற் காண்கின்றோம். தாய் தந்தையர் ஆராய்ந்து வைத்த பெயரை நீக்கி, ஒரு கணத்திற் சினத்தோடு வீசிய சொல் அதன் இடத்தில் ஏறி அமர்ந்துகொள்கின்றது.

ஆதலின், இச்சொல் எத்தகையது, இதன் உறவுச் சொற்கள் யாவை, அவை எங்கிருந்து வந்தன, இச்சொல்லை யார்மீது எறிகின்றோம் என்பனவற்றைச் சற்று ஆராய்ந்து பார்ப்பது பயனுடையதாகும். சொல்லாராய்ச்சி புலவர்க்கு மாத்திரம் உரியதன்று. பிள்ளைகளோடு பேசுகின்ற எல்லோருக்கும் அது வேண்டும்.

முதலிலே கோமாளி என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். விகடஞ் செய்து பிறரைச் சிரிக்க வைப்பவன் என்பதே இதற்கு அகராதிகள் தரும் பொருள். சங்க நூல்களில் இச்சொல் இல்லை. மலையாள மொழியிலும் இதே சொல் இதே பொருளில் வழங்குகின்றது. இதனைக் 'கோ' என்றும் 'மாளி' என்றும் இரண்டாகப் பிரித்து, கோ என்றால் அரசன், ஆகவே அரசனைப் போல வேடம் பூண்டவன் கோமாளி என்று விளக்கம் கூறுவாரும் உளர். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கின்றது. ஆயினும் ஒரு சொல்லை இரு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் செவிக்கு இனிய ஒரு பொருளைச் சொல்லிவிட்டால் அது சொற்பிறப்பு ஆகிவிடாது. பழைய நூல்களிலும் இன மொழிகளிலும் சான்று காட்டப்படல் வேண்டும். சான்றில்லாத விளக்கம் கதையே ஆகும். கதையைக் கதை என்று தெரிந்து சொல்வதிலே குற்றமில்லை. அதனை இலக்கணம் என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே குற்றம்.

எனவே, வடிவத்திலேயே பிறப்புத் தெளிவாக விளங்கும் அதன் உறவினரைப் பார்ப்போம். கோமாளிக்கு உடன்பிறப்புப் போன்றது 'கோணங்கி' என்னும் சொல். கோணுதல் என்றால் வளைதல். கோணல் என்பதும், முகங்கோணுதல் என்பதும் நாம் நாள்தோறும் வழங்குவன. நேராக நிற்க வேண்டியதை வளைத்து நிறுத்துபவன், நேராக இருக்க வேண்டிய முகத்தைக் கோணலாக்கிக் காட்டுபவன், கோணங்கி ஆகின்றான்.

அடுத்தது 'விகடம்'. வடமொழியிலே இச்சொல்லுக்குப் பொருள் வேறு. அச்சந்தரும் உருவம், அழகு கெட்ட வடிவம், இயல்புக்கு மாறான தோற்றம் என்பனவே அங்கு அதன் பொருள்கள். தமிழுக்கு வந்ததும் அது நகைச்சுவையைக் குறிக்கும் சொல்லாயிற்று. கிருஷ்ணதேவராயர் அவையில் இருந்ததாகச் சொல்லப்படும் தெனாலிராமனை 'விகடகவி' என்கின்றோம். அந்தச் சொல்லை முன்னிருந்து வாசித்தாலும் பின்னிருந்து வாசித்தாலும் ஒன்றாகவே அமைவதைப் பிள்ளைகள் கண்டு மகிழ்வார்கள். 1926ஆம் ஆண்டிலே தமிழ்நாட்டில் ஒரு பத்திரிகைக்கு 'ஆனந்த விகடன்' என்று பெயரிட்டபோது, அச்சொல்லின் பழைய அருவருப்பு முழுவதும் மறைந்து மகிழ்ச்சியே எஞ்சிவிட்டது.

நம் யாழ்ப்பாணத்துப் பேச்சிலே 'திருகுதாளம்' என்று ஒரு சொல் உண்டு. நேர்மையில்லாத தந்திரத்தை அது குறிக்கும். நேராகப் போட வேண்டிய தாளத்தைத் திருகிப் போடுவதுதான் திருகுதாளம். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை அவர்கள் 1940இல் வெளியிட்ட 'நானாடகம்' என்னும் நூலிலுள்ள நான்கு நாடகங்களுள் ஒன்றன் பெயர் 'முருகன் திருகுதாளம்' என்பதாகும். ஊர்ப் பேச்சு மொழியை நாடக மேடைக்குத் துணிந்து கொண்டுவந்த நூல் அது.

கோணங்கி, விகடம், திருகுதாளம் ஆகிய இம்மூன்று சொற்களையும் ஒருங்கு வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். சிரிப்பு என்பது வளைவிலே பிறக்கின்றது. நேரான ஒன்று எதிர்பாராத வகையிற் கோணும்போது நமக்குச் சிரிப்பு வருகின்றது. இதை நம் முன்னோர் சொல்லிலேயே பொதிந்து வைத்திருக்கின்றனர்.

இனி வேறொரு குடும்பத்தைப் பார்ப்போம். 'சேட்டை' என்று சொல்கின்றோம். குரங்குச் சேட்டை என்று அடைகொடுத்தும் சொல்கின்றோம். இது சேஷ்டை என்னும் வடசொல்லின் திரிபு. அதன் முதற்பொருள் அசைவு, செயல் என்பதே. அதிலே பழிப்பு ஒன்றும் இல்லை. சும்மா இராமல் அசைந்துகொண்டிருப்பதே தமிழில் ஒரு குற்றப் பெயராகிவிட்டது. மூதேவியைக் குறிக்கும் சேட்டை என்னும் சொல்லும் தமிழில் உண்டு. அது மூத்தவள் என்று பொருள்படும் ஜ்யேஷ்டா என்பதன் திரிபு. பிறப்பால் வேறான இரண்டு சொற்கள் ஓசையால் ஒன்றாகி நிற்கின்றன. ஓசையை மாத்திரம் நம்பிப் பொருள் கூறுதல் ஆகாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

'குறும்பு' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் சுவையானது. இன்று அது சிறு பிள்ளையின் செல்லக் குற்றம். பழந்தமிழிலோ குறும்பு என்றால் சிற்றரண். அதில் இருந்துகொண்டு பேரரசனுக்குத் தொல்லை கொடுக்கும் குறுநில மன்னர் குறும்பர். திருவள்ளுவர் நாடு என்னும் அதிகாரத்திலே, வேந்தனை அலைக்கும் குறும்பு இல்லாதிருத்தல் நல்ல நாட்டின் இலக்கணம் என்று கூறுகின்றார். அன்று வேந்தனை அலைத்த குறும்பு இன்று தாயையும் ஆசிரியரையும் அலைக்கின்றது. அளவு சுருங்கிற்றேயன்றித் தன்மை மாறவில்லை. யாழ்ப்பாணத்திலே இதனைக் 'குழப்படி' என்போம். ஒழுங்கைக் குழப்புவது என்பதே அதன் கருத்து.

உயர்ந்த நிலையிலிருந்து இறங்கிவிட்ட சொற்களும் உள்ளன. 'விண்ணாணம்' என்று ஒரு சொல்லை நம் முதியோர் வழங்குவர். அளவுக்கு மிஞ்சிக் கெட்டிக்காரத்தனமாகப் பேசும் பிள்ளையை, "விண்ணாணம் பேசாதே" என்று அடக்குவர். இது விஞ்ஞானம் என்னும் சொல் பிராகிருத மொழி வழியாகத் திரிந்து வந்த வடிவம். அறிவு என்னும் பொருளுடைய சொல் ஏளனத்துக்குரிய சொல்லாயிற்று. அவ்வாறே 'கூத்து' என்னும் சொல்லும் இரண்டு முனைகளில் நிற்கின்றது. இறைவனுக்குக் கூத்தன் என்று பெயர். அதே வாயால், ஒரு காரியம் சீர்கெட்டால் "இதென்ன கூத்து?" என்கின்றோம்; ஒருவனை இகழ வேண்டினால் "கூத்தாடி" என்கின்றோம். சொல்லிலே பிழையில்லை. அதைச் சொல்லும் நாவிலே உயர்வும் தாழ்வும் இருக்கின்றன.

இந்நிலை தமிழுக்கு மாத்திரம் உரியதா என்றால், அன்று. சிங்கள மொழியிலே 'கோலம்' என்பது தென்னிலங்கையில் முகமூடி அணிந்து ஆடும் நாடகம். நம் தமிழில் வடிவம், ஒப்பனை என்று பொருள்படும் கோலமும் அதுவும் ஒரே சொல். அங்கும் அன்றாடப் பேச்சிலே ஒருவன் கோமாளித்தனம் செய்தால் கோலம் ஆடுகின்றான் என்று சொல்வர். நம்மவர் கூத்துக்கு நேர்ந்ததே அவர்கள் கோலத்துக்கும் நேர்ந்தது.

ஆங்கிலத்தைப் பார்ப்போம். கோமாளிக்கு அங்கு 'கிளவுன்' என்பது பெயர். பதினாறாம் நூற்றாண்டிலே அச்சொல்லுக்கு நாட்டுப்புறத்தான், நாகரிகம் அறியாத உழவன் என்னும் பொருளே முதன்மையாக இருந்தது. ஷேக்ஸ்பியர் நாடகங்களிலே அது பட்டிக்காட்டானையும் குறிக்கும், வேடிக்கைக்காரனையும் குறிக்கும். 'ஸேனி' என்று இன்னொரு சொல் உண்டு. அது இத்தாலிய நாட்டுச் சொல்லிலிருந்து வந்தது. ஜொவான்னி என்னும் பெயரை வெனிஸ் நகரத்தார் சன்னி என்று சுருக்கி அழைத்தனர். பேர்கமோ மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த ஏழை வேலைக்காரனே அந்நாட்டு மேடையிலே சன்னி என்னும் வேடிக்கைப் பாத்திரமானான். 'பபூன்' என்னும் சொல்லை நாம் நன்கு அறிவோம். சங்கரதாஸ் சுவாமிகள் மரபில் வந்த இசை நாடகங்களோடு அது தமிழ்நாட்டு மேடையிலும் நம் மேடையிலும் நிலைத்துவிட்டது. அதன் மூலம் ஊதுதல் என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல். கன்னத்தை ஊதிக் காட்டிச் சிரிக்க வைப்பவன் பபூன்.

நேயர்களே, இவற்றுள் கிளவுன், ஸேனி என்னும் இரண்டு சொற்களும் நமக்குச் சொல்லும் பாடத்தைக் கவனித்தல் வேண்டும். நகரத்தான் கிராமத்தானைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்பே கோமாளிக்குப் பெயராயிற்று. ஒருவன் அறிவில் குறைந்தவன் என்பதனால் அன்று. அவன் பேசும் பேச்சு வேறு, உடுக்கும் உடை வேறு, நடக்கும் நடை வேறு என்பதனால் அவன் நகைப்புக்கு இடமானான். நம் மொழியிலும் பட்டிக்காட்டான் என்பது அவ்வாறு எழுந்ததே. பேராசிரியர் கணபதிப்பிள்ளையின் நானாடகத்திலுள்ள மற்றொரு நாடகத்தின் பெயர் 'நாட்டவன் நகர வாழ்க்கை' என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

தீவகத்திலே வாழ்கின்ற எங்களுக்கு இது நூலிற் படித்து அறிய வேண்டிய செய்தியன்று. நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவான் துறைக்குப் படகேறி, அங்கிருந்து பேருந்தில் யாழ்ப்பாண நகரத்துக்குப் படிக்கச் செல்லும் பிள்ளை, கடல் உப்புப் படிந்த உடையோடு புதிய வகுப்புக்குள் நுழைகின்றது. அப்பிள்ளை சொல்லும் ஒரு சொல்லின் இழுவையைக் கேட்டு வகுப்புச் சிரிக்கின்றது. தீவார் என்பது ஓர் இடத்தைக் குறிக்கும் பெயர். அதிலே இழிவு ஒன்றும் இல்லை. ஆயினும் முகத்தைச் சுழித்துக்கொண்டு அதனைச் சொல்லும்போது அது வேறொரு சொல்லாகிவிடுகின்றது. எங்கள் பிள்ளைகளும் குற்றமற்றவர்கள் அல்லர். நகரத்திலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளை கற்வேலியில் ஏறத் தெரியாமல் நின்றாலும், குதிரையைக் கண்டு ஒதுங்கினாலும், இங்கே உள்ளவர்கள் அவ்வாறே சிரிப்பார்கள். ஆகவே இது தீவுக்கும் நகரத்துக்கும் இடையிலுள்ள வழக்கன்று; பலர் ஒருபுறமும் ஒருவர் ஒருபுறமும் நிற்கும்போது மனிதர் எங்கும் செய்வதாகும்.

இனி, கோமாளியின் மறுபக்கத்தைக் காண்போம். கலையிலே அவனுக்கு உள்ள இடம் மிக உயர்ந்தது. வடமொழி நாடகங்களிலே விதூடகன் என்னும் பாத்திரம் அரசனுக்குத் தோழன். காளிதாசனின் சாகுந்தலத்திலே மாதவ்யன் என்னும் விதூடகன், வேட்டைக்குச் சென்ற அரசனோடு அலைந்து களைத்து முறையிடுகின்றான். மற்றையோர் அரசனைப் புகழ்ந்து நிற்க, அவன் ஒருவனே அரசனிடம் மனத்தில் உள்ளதைச் சொல்லக்கூடியவன். சிலப்பதிகாரத்துக்கு உரை கண்ட அடியார்க்குநல்லார், விநோதக் கூத்தின் வகைகளை எண்ணுமிடத்து விதூடகக் கூத்தையும் சேர்த்துக் கூறுகின்றார். ஏழாம் நூற்றாண்டிலே காஞ்சியில் அரசு புரிந்த மகேந்திரவர்ம பல்லவன், தானே 'மத்தவிலாசப் பிரகசனம்' என்னும் நகை நாடகத்தை இயற்றினான். குன்றைக் குடைந்து கோயில் அமைத்த மன்னன், மக்களைச் சிரிக்க வைப்பதையும் தன் தகுதிக்குக் குறைவென்று கருதவில்லை.

சிலப்பதிகாரத்திலே சேரன் செங்குட்டுவன் முன்னிலையில் பறையூர்ச் சாக்கையன் ஒருவன் கூத்தாடுகின்றான். அப்பெயரை ஒத்த சாக்கியார் மரபினர் கேரளத்துக் கோயில்களிலே இன்றும் கூத்து நிகழ்த்துகின்றனர். சாக்கியார் கூத்து நடக்கும்போது, அவையிலே யார் இருந்தாலும், அரசனே இருந்தாலும், அவரைச் சுட்டிக் கேலி செய்யும் உரிமை சாக்கியாருக்கு உண்டு. கேலிக்கு உட்பட்டவர் எதிர்த்துப் பேசுதல் மரபன்று. மேனாட்டிலும் அவ்வாறே. ஷேக்ஸ்பியரின் லியர் மன்னனுக்கு, நாட்டைப் பிரித்துக் கொடுத்தது மடமை என்ற உண்மையை மீண்டும் மீண்டும் சொன்னவன் அவனுடைய அரண்மனைக் கோமாளியே.

நம் கூத்து மரபிலே கட்டியகாரன் வருகின்றான். கட்டியம் என்பது அரசனின் புகழைக் கூறுதல். அரசன் வரும் முன்னே வந்து அவன் வரவை அறிவிப்பது கட்டியகாரன் தொழில். குற்றாலக் குறவஞ்சியிலும் அவன் தொடக்கத்திலே தோன்றுகின்றான். தமிழ்நாட்டுத் தெருக்கூத்திலோ புகழ் கூற வந்தவனே விகடஞ் செய்பவனாகவும் மாறிவிட்டான். அரசனுக்கும் மக்களுக்கும் நடுவே நின்று, அரசன் சொல்வதை மக்கள் மொழியிலும், மக்கள் நினைப்பதை அரசன் செவியிலும் போடுகின்றான். இத்தகைய கூத்தைப் படித்தவர் பலர் ஒரு காலத்திலே இழிவாக எண்ணி ஒதுக்கினர். 1960களிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கர்ணன் போர், நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை முதலியவற்றை மேடையேற்றிய பின்னரே, கூத்தாடுதல் பட்டதாரிக்கும் பெருமை தருவது என்பதை அத்தகையோர் உணர்ந்தனர்.

வானொலியிலே பேசும்போது வானொலிக் கோமாளிகளை மறத்தல் ஆகாது. 1970களிலே இலங்கை வானொலியில் 'கோமாளிகளின் கும்மாளம்' என்னும் தொடர் நாடகம் ஒலித்தது. எஸ். ராமதாஸ் மரிக்காராகவும், ரி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீது ஐயராகவும் நடித்தனர். 1976இல் அது 'கோமாளிகள்' என்னும் திரைப்படமாகவும் வந்தது. முஸ்லிம் மக்கள் பேசும் தமிழ், யாழ்ப்பாணத்துத் தமிழ், சிங்களவர் பேசும் தமிழ், அந்தணர் வீட்டுத் தமிழ் ஆகிய நான்கும் அதிலே ஒன்றோடொன்று மோதிச் சிரிப்பை விளைத்தன. அங்கே யார் பேச்சும் தனித்து நின்று அடிபடவில்லை. ஒவ்வொருவரும் மற்றவரைக் கேலி செய்தனர். ஒவ்வொருவரும் கேலிக்கு உட்பட்டனர். கேட்டவர்களும் தத்தம் பேச்சைத் தாமே கேட்டுச் சிரித்தனர். அவர்கள் விரும்பிச் சூடிய பெயர் கோமாளிகள் என்பது.

எனவே ஒரே சொல் ஓரிடத்தில் மாலையாகவும், மற்றோரிடத்தில் கல்லாகவும் இருக்கின்றது. இதற்குக் காரணம் யாது? இதற்கு விடை தொல்காப்பியத்திலே இருக்கின்றது.

மெய்ப்பாடுகள் எட்டு என்று கூறும் தொல்காப்பியர், நகையை முதலில் வைத்தார். நகை பிறக்கும் இடங்கள் நான்கு. அவற்றுள் முதலாவது எள்ளல். அதற்கு உரை வகுத்த பேராசிரியர் என்னும் உரையாசிரியர், எள்ளலை இரண்டாகப் பிரிக்கின்றார். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் தான் எள்ளப்பட்ட வழித் தானும் நகுதல் மற்றொன்று. இது எத்துணை நுட்பமான கருத்து என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். எள்ளப்பட்டவனும் சேர்ந்து சிரிக்க முடியுமாயின் அது நகை. அவன் சிரிக்க முடியாதாயின்?

அதற்கும் தொல்காப்பியர் இடம் வைத்திருக்கின்றார். நகைக்கு அடுத்தபடியாக அவர் கூறும் மெய்ப்பாடு அழுகை. அழுகை பிறக்கும் இடங்களும் நான்கு; அவற்றுள் முதலாவது இளிவு, அதாவது பிறரால் இகழப்பட்டு எளியனாதல். நகைக்கு முதற்காரணம் எள்ளல். அழுகைக்கு முதற்காரணம் இளிவு. ஒரே செயல், செய்பவன் பக்கம் எள்ளலாகவும், படுபவன் பக்கம் இளிவாகவும் நிற்கின்றது. ஒரு வகுப்பறையிலே முப்பது பிள்ளைகள் முதல் மெய்ப்பாட்டில் இருக்கும்போது, மூலையிலே ஒரு பிள்ளை இரண்டாம் மெய்ப்பாட்டில் இருக்கக்கூடும். ஆசிரியருடைய கண் அந்த மூலைக்குப் போகுதல் வேண்டும்.

நம் ஈழத்துத் தமிழிலே வேடிக்கைப் பேச்சுக்குப் 'பகிடி' என்று பெயர். எவ்வளவு இனிய சொல்! சோளகக் காற்று வீசும் மாதங்களிலே படகு அலையில் ஏறி இறங்கும்போது, நனைந்து நடுங்கும் பயணிகளுள் ஒரு முதியவர் ஒரு பகிடி விட்டால், படகிலுள்ள அனைவரும் அச்சம் நீங்கிச் சிரிப்பார்கள். துன்பத்தை எளிதாக்குகின்ற ஆற்றல் அச்சொல்லுக்கு உண்டு. அந்தச் சொல்லோடு 'வதை' என்னும் சொல்லைச் சேர்க்க வேண்டிய காலமும் வந்தது. உயர்கல்வி நிலையங்களிலே புதிய மாணவருக்கு மூத்த மாணவர் இழைக்கும் கொடுமைக்குப் பகிடிவதை என்று பெயர் வைத்தோம். 1997ஆம் ஆண்டிலே பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் அதன் விளைவாக உயிரிழந்தார். அடுத்த ஆண்டிலே, 1998இன் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கிற்று. செய்தவர்களைக் கேட்டால், பகிடிக்குத்தான் செய்தோம் என்பார்கள். பகிடிக்கும் வதைக்கும் நடுவே உள்ள எல்லையைச் சிறு வயதிலே கற்றுக்கொள்ளாதவர்களே பெரிய வயதிலே அதைக் கடக்கின்றார்கள். பல்கலைக்கழக வாயிலிலே அதைக் கற்பிக்க முற்படுதல் காலம் கடந்த முயற்சி. நான்காம் வகுப்பிலும் ஐந்தாம் வகுப்பிலும் கற்பிக்க வேண்டிய பாடம் அது.

அதனை எவ்வாறு கற்பிப்பது? பிள்ளைகள் தாமே கேட்டுப் பார்க்கக்கூடிய மூன்று கேள்விகளைக் கொடுக்கலாம். கேலிக்கு உட்பட்டவனும் நம்மோடு சேர்ந்து சிரிக்கின்றானா? அவன் நம்மைத் திருப்பிக் கேலி செய்ய முடியுமா? அவன் போதும் என்றால் நாம் நிறுத்துவோமா? மூன்றுக்கும் ஆம் என்னும் விடை வந்தால் அது பகிடி. ஒன்றுக்கேனும் இல்லை என்று வந்தால் அது வதை. இதற்குப் பெரிய நூல்கள் வேண்டியதில்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் இது விளங்கும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு சொல். வகுப்பிலே குழப்படி செய்து மற்றவர்களைச் சிரிக்க வைக்கின்ற பிள்ளையை அடக்கத்தான் வேண்டும். பாடம் நடைபெறுதல் வேண்டுமே. ஆயினும் அடக்குவது செயலையா, ஆளையா என்பதைச் சற்று எண்ணிப் பேசுதல் நன்று. "இப்போது இந்தக் கோமாளி வேலை வேண்டாம்" என்பது செயலைக் கண்டித்தல். "நீ ஒரு கோமாளி" என்பது ஆளுக்கு முத்திரை குத்துதல். முன்னது அன்று மாலையே மறைந்துவிடும், பின்னது மறையாது. ஒருவருடைய நடையைப் பார்த்த மாத்திரத்தில் அப்படியே நடித்துக் காட்டுகின்ற பிள்ளைக்குக் கூர்மையான கண் இருக்கின்றது. குரலை அப்படியே பிடிக்கின்ற பிள்ளைக்கு நல்ல செவி இருக்கின்றது. கூத்துக்கும் நாடகத்துக்கும் வானொலிக்கும் வேண்டியவை அவைதாமே. நாகர்கோவிலிலே வில்லுப்பாட்டிலும் நாடகத்திலும் வளர்ந்து, சிரிக்க வைத்துச் சிந்திக்கவும் வைத்த என். எஸ். கிருஷ்ணன் அவர்களுக்குத் தமிழகம் சூட்டிய பட்டம் கலைவாணர் என்பது. தமிழ்ச் சமுதாயம் அவரிலே கண்டது கோமாளித்தனத்தையன்று, கலையை.

கேரளத்திலே வழங்கும் செய்தி ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். பதினெட்டாம் நூற்றாண்டிலே குஞ்சன் நம்பியார் என்பவர் சாக்கியார் கூத்துக்கு மிழாவு என்னும் முழவை வாசிப்பவராக இருந்தார். ஒரு நாள் வாசித்துக்கொண்டிருக்கும்போது கண்ணயர்ந்து விட்டாராம். மேடையிலிருந்த சாக்கியார் தமக்குள்ள உரிமையைக் கொண்டு, அவை முழுவதும் சிரிக்கும்படி அவரை எள்ளினார். எதிர்த்துப் பேசும் உரிமை நம்பியாருக்கு இல்லை. அவர் வாளா எழுந்து சென்று, அன்றிரவே ஒரு புதிய ஆட்டத்தை அமைத்து, மறுநாள் எளிய மக்களின் மொழியிலே பாடி ஆடினார் என்பர். சாக்கியாரைச் சுற்றி நின்ற கூட்டம் இங்கே வந்துவிட்டதாம். அவர் அமைத்த துள்ளற் கலை இன்றும் வாழ்கின்றது. அவையினரால் எள்ளப்பட்டவர் அவையினரைச் சிரிக்க வைப்பவரானார்.

ஆனால் நேயர்களே, இந்தக் கதையிலே நாம் மகிழ்ந்து அமைந்துவிடலாகாது. எள்ளப்பட்ட எல்லோரும் குஞ்சன் நம்பியார் ஆவதில்லை. பெரும்பாலோர் வாய் மூடி, பள்ளிக்கூடத்தையே விட்டு விலகிப் போகின்றார்கள். கடல் கடந்து படிக்க வரும் பிள்ளைக்கு, வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவதற்குக் காரணங்கள் பல ஏற்கெனவே உள்ளன. அவற்றோடு நம்முடைய நாவும் ஒரு காரணமாகச் சேருதல் வேண்டாம்.

கோமாளி என்னும் சொல் அழகான சொல். அதனை மேடைக்குக் கொடுப்போம். மேடையிலே தானே விரும்பி அணிபவனுக்குக் கொடுப்போம். அணிய விரும்பாதவன் தலையிலே அதனைச் சூட்டாதிருப்போம்.